பச்சை வாந்தியோடு வரும் குழந்தை: குடல் சுழற்சிக் குறைபாட்டை அல்ட்ராசவுண்டில் தேடுவது எப்படி?

பிறந்து சில நாட்களே ஆன குழந்தை பச்சையாக வாந்தி எடுக்கிறது என்றால், வேறு காரணம் உறுதியாகும்வரை அதைக் குடல் முறுக்கு என்றே வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தைகள் அறுவை மருத்துவர்களிடையே இதில் மாற்றுக் கருத்து கிடையாது. வயிறு மெத்தென்று இருக்கலாம். எக்ஸ்ரே சாதாரணமாக இருக்கலாம். குழந்தை அசந்து தூங்கிக்கொண்டும் இருக்கலாம். அதே நேரத்தில் உள்ளே சிறுகுடல் மொத்தமும் ரத்த ஓட்டம் இல்லாமல் கறுத்துக்கொண்டிருக்கலாம். சில மணி நேரம் தாமதித்தாலும் குடலைக் காப்பாற்ற முடியாமல் போகும். காப்பாற்ற முடியாத குடலை வெட்டி எடுத்த பிறகு அந்தக் குழந்தை எதைச் சாப்பிட்டு வளரும் என்பது பெற்றோருக்கு வாழ்நாள் கேள்வியாகிவிடும்.

ரேடியாலஜி படிக்கும் முதுநிலை மாணவர்கள், ஸ்கேன் சென்டரில் தனியாக இருக்கும் மருத்துவர்கள், பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் (என்.ஐ.சி.யு.) புரோபை, அதாவது உடலின் மேல் வைத்து நகர்த்தும் ஸ்கேன் கருவியின் கைப்பகுதியை, கையில் எடுக்கத் தொடங்கியிருக்கும் குழந்தை மருத்துவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். புத்தகங்களில் இந்த அல்ட்ராசவுண்ட் பரிசோதனை ஒரு பத்தியில் முடிந்துவிடுகிறது. புரோபை வயிற்றில் வைத்ததும் முதலில் எதைத் தேடுவது, எது தெரியாவிட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் அந்த ஒரு பத்திக்குள் அடங்காது.

பெற்றோர் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. கைக்குழந்தை இலைப்பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் கிரைப் வாட்டர், உரை மருந்து, வசம்பு எதுவும் வேண்டாம். பால் கொடுப்பதையும் நிறுத்திவிட்டு, குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு உடனே கிளம்புங்கள். வாந்தி பட்ட துணியைத் துவைக்காமல் கையோடு எடுத்துப்போங்கள். ‘மஞ்சளா, பச்சையா’ என்ற கேள்விக்கு அந்தத் துணியே பதில் சொல்லிவிடும்.

குடல் ஏன் முறுக்கிக்கொள்கிறது?

கருவின் 6ஆம் வாரத்தை ஒட்டி, நடுக்குடல் வேகமாக நீள்கிறது. வயிற்றுக்குள் இடம் போதாமல் தொப்புள்கொடிக்குள் இறங்குகிறது. 10ஆம் வாரம் வாக்கில் திரும்ப உள்ளே வருகிறது. இப்படிப் போய்வரும் வழியில், சுப்பீரியர் மெசென்ட்ரிக் தமனியை அச்சாகக் கொண்டு எதிர்க்கடிகாரத் திசையில் மொத்தம் 270 பாகை சுழல்கிறது. இந்தத் தமனியை நாம் எல்லோரும் எஸ்.எம்.ஏ. என்றுதான் சொல்வோம். அதன் கூடவே ஓடும் சிரை எஸ்.எம்.வி. சுழற்சி ஒழுங்காக முடிந்தால் சிறுகுடலின் தொடக்கமான டியோடினம் அதன் அடுத்த பகுதியான ஜெஜுனமாக மாறும் வளைவு முதுகெலும்புக்கு இடப்பக்கம் மேலேயும், பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் வலது அடிவயிற்றிலும் போய்ப் பொருந்தும். இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில், குடலை வயிற்றின் பின்சுவரோடு பிணைக்கும் மெசென்ட்ரி என்ற சவ்வின் வேர் குறுக்காக, அகலமாக ஒட்டியிருக்கும்.

சுழற்சி பாதியில் நின்றுவிட்டால், அதாவது மால்ரொட்டேஷன் என்ற சுழற்சிக் குறைபாட்டில், இரண்டு முனைகளும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடுகின்றன. கொடியில் அகலமாக விரித்துப் போட்ட புடவை காற்றில் எவ்வளவு ஆடினாலும் முறுக்காது. அதையே ஒரே இடத்தில் முடிச்சுப்போட்டுத் தொங்கவிட்டால் நாலு சுற்று சுற்றிக்கொள்ளும். குறுகிய வேரில் தொங்கும் குடலின் நிலையும் அதுதான். அப்படிச் சுற்றும்போது நடுவில் ஓடும் எஸ்.எம்.ஏ.வும் எஸ்.எம்.வி.யும் நெரிபடுகின்றன. சிரையின் சுவர் மெல்லியது என்பதால் முதலில் அது அடைபடும், பிறகு தமனி. இதுபோக, இடம் மாறிய சீக்கத்திலிருந்து டியோடினத்தின் குறுக்கே லாட் பட்டைகள் என்ற நார்ப்பட்டைகள் ஓடி, அதை வெளியிலிருந்து அழுத்தவும் செய்யும். பாஸ்டனின் குழந்தை அறுவை மருத்துவர் வில்லியம் லாட் 1936இல் விவரித்த அறுவை முறைதான் இன்றைக்கும் இதற்கான சிகிச்சை.

சுழற்சிக் குறைபாடு அப்படியொன்றும் அபூர்வமானதல்ல. சுமார் 500 பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு வடிவில் இருக்கும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் பலருக்கு வாழ்நாள் முழுவதும் எந்தத் தொந்தரவும் வராது. தொந்தரவு வருபவர்களில் பெரும்பாலோருக்கு முதல் மாதத்திலேயே வந்துவிடும். டயாஃப்ரம் ஓட்டை, குடல் வயிற்றுக்கு வெளியே வந்திருக்கும் கேஸ்ட்ரோஸ்கிசிஸ், ஓம்ஃபலோசீல் ஆகியவற்றோடு பிறந்த குழந்தைகளிலும், உள்ளுறுப்புகள் இடம்வலம் மாறி அமைந்த ஹெட்டரோடாக்ஸி குழந்தைகளிலும் இது கூடவே இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் ஸ்கேனைத் தொடங்க வேண்டும்.

பேரியப் படம் இருக்க அல்ட்ராசவுண்ட் எதற்கு?

பல பத்தாண்டுகளாக இந்த நோயைக் கண்டுபிடிக்க பேரிய மருந்தைக் குடிக்கவைத்து, ஓடும் எக்ஸ்ரேயான ஃப்ளோரோஸ்கோப்பியில் படம் எடுப்பதே வழக்கம். இன்றும் அது நல்ல பரிசோதனைதான், தூக்கிப்போட வேண்டியதில்லை. ஆனால் அதில் தெரிவது குடலின் உள்வழி மட்டுமே. மெசென்ட்ரி முறுக்கியிருக்கிறதா, ரத்தம் ஓடுகிறதா என்பதை அது நேரடியாகக் காட்டாது. கைக்குழந்தைகளில் டியோடினம்-ஜெஜுனம் வளைவு அங்கே இங்கே நகரக்கூடியது. வயிறு உப்பியிருந்தாலோ, மூக்கு வழியாகக் குழாய் போயிருந்தாலோ அது கீழே தள்ளப்பட்டு, குறைபாடே இல்லாத குழந்தையைக் குறைபாடுள்ளதாகக் காட்டிவிடும். போதாக்குறைக்குக் கதிர்வீச்சும் உண்டு. வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தையை வேறு தளத்துக்கு எடுத்துப்போவதும் சாதாரண விஷயமில்லை.

அல்ட்ராசவுண்ட் மெஷினோ குழந்தையின் வார்மர் பக்கத்துக்கே வந்துவிடும். 1992இல் பிரான்ஸைச் சேர்ந்த ப்ராக்ரோஸும் உடன் பணியாற்றியவர்களும் ‘நீர்ச்சுழி’ அடையாளத்தை விவரித்தார்கள். எஸ்.எம்.ஏ.யைச் சுற்றி எஸ்.எம்.வி.யும் மெசென்ட்ரியும் சுழன்றுபோவது திரையில் அப்படியே தெரியும். 2009இல் குழந்தைகள் ரேடியாலஜி மருத்துவர் யூசெஃப்ஸாதே, டியோடினத்தின் மூன்றாம் பகுதி எங்கே ஓடுகிறது என்று பார்ப்பதே சரியான கேள்வி என்று வாதிட்டார். 2021இல் வெளியான, பல ஆய்வுகளைத் தொகுத்த ஓர் அலசலில் அல்ட்ராசவுண்டின் கண்டுபிடிக்கும் திறன் சுமார் 94 சதவீதம் என்றும், இல்லாததை இருப்பதாகச் சொல்லும் பிழை ஏறக்குறைய இல்லவே இல்லை என்றும் தெரியவந்தது. இன்று பல குழந்தைகள் மருத்துவமனைகள் இதை முதல் பரிசோதனையாகவே ஆக்கிக்கொண்டுவிட்டன.

இந்தியாவில் புரோபைப் பிடிப்பதும் ரிப்போர்ட் எழுதுவதும் ஒரே மருத்துவர்தான். அமெரிக்கா போன்ற நாடுகளில் டெக்னீஷியன் எடுத்த படங்களை இன்னோர் அறையில் உட்கார்ந்து மருத்துவர் படிப்பது வழக்கம். இந்தப் பரிசோதனையைப் பொறுத்தவரை நம் முறை நமக்குப் பெரிய அனுகூலம். சந்தேகம் எழுந்த அதே நொடியில் புரோபைச் சாய்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. வயிறு விறைத்து, மலத்தில் ரத்தம் போய், ரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருக்கும் குழந்தைக்கு ஸ்கேனுக்காகக் காத்திருக்கக் கூடாது. அந்தக் குழந்தையின் இடம் ஆபரேஷன் தியேட்டர். தியேட்டர் தயாராகும் இடைவெளியில் படுக்கையருகே ஒரு நிமிடம் புரோபை வைத்துப் பார்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

ஆயத்தம்

ஜெல்லைச் சூடுபடுத்திக்கொள்ளுங்கள். குளிர்ந்த ஜெல் பட்டால் குழந்தை வீறிட்டு அழும், அழ அழக் காற்றை விழுங்கும், அந்தக் காற்றே பிறகு நம் பார்வையை மறைக்கும். குழந்தை வார்மரின் கீழேயே இருக்கட்டும். வாயில் இரண்டு சொட்டு சர்க்கரைக் கரைசல் விட அனுமதி இருந்தால் விடுங்கள். அம்மா பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொள்வது அதைவிட நன்றாகவே வேலை செய்யும்.

புரோப்: பச்சிளம் குழந்தைக்கு உயர் அதிர்வெண் லீனியர் புரோப், 9 முதல் 15 மெகாஹெர்ட்ஸுக்குள் எது இருந்தாலும் சரி. புரோபின் தலை சின்னதாக இருந்தால் விலாவுக்குக் கீழே பொருத்துவது சுலபம். வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆழம் போதாது, வளைந்த புரோபுக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

தொடங்கும் முன் திரையின் இடவலத்தைச் சரிபார்த்துவிடுங்கள். குழந்தையின் வலப்பக்கம் திரையின் இடப்பக்கத்தில் இருக்க வேண்டும். புரோபைத் தலைகீழாகப் பிடித்தால் நார்மலான குழந்தைக்கு ரத்தக்குழாய்கள் இடம் மாறியதாகவும், கடிகாரத் திசைச் சுழி எதிர்த் திசையிலும் தெரியும். வேறெந்த ஸ்கேனிலும் இந்தச் சின்ன விஷயம் இவ்வளவு பெரிய விளைவை உண்டாக்காது. கல்லீரல் எந்தப் பக்கம் தெரிகிறது என்று பார்த்தாலே போதும். ஹெட்டரோடாக்ஸி சந்தேகம் இருக்கும் குழந்தையில் மட்டும் கல்லீரலை நம்பாமல், புரோபின் ஓரத்தில் விரலால் தட்டித் திரையில் எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: தமனியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்குவது

புரோபைக் குறுக்குவாக்கில், மார்பெலும்பு முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள். முதலில் முதுகெலும்பு, அதன் முன்னால் உடலின் பெருந்தமனியான அயோர்ட்டா. அயோர்ட்டாவிலிருந்து முன்பக்கமாகக் கிளம்பும் முதல் பெரிய கிளை சீலியாக், அதற்கு அடுத்தது எஸ்.எம்.ஏ. இதன் சுவர் தடிப்பாக, வாய் வட்டமாக இருக்கும். சுற்றிலும் கொழுப்பின் வெள்ளை வளையம் தெரியும். பச்சிளம் குழந்தைகளுக்குக் கொழுப்பு குறைவு என்பதால் வளையம் மங்கலாக இருக்கலாம். சந்தேகமாக இருந்தால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரைப் போட்டுத் துடிப்பைப் பாருங்கள். எஸ்.எம்.வி. அதைவிடப் பெரியது, சுவர் மெல்லியது, லேசாக அழுத்தினால் நசுங்கும். அதைப் பின்தொடர்ந்து மேலே போனால் கணையக் கழுத்தின் பின்புறம் மண்ணீரல் சிரையோடு சேர்ந்து போர்ட்டல் சிரையாகும். அந்த இணைப்பைப் பார்த்துவிட்டால் எது தமனி, எது சிரை என்ற குழப்பத்துக்கே இடமில்லை.

இப்போது எஸ்.எம்.ஏ.யைத் திரையின் நடுவில் வைத்தபடி, புரோபை மெதுவாகத் தொப்புளை நோக்கி இறக்குங்கள். நின்று நின்று படம் எடுக்காமல் ஒரே சீரான நகர்வாக இருக்க வேண்டும். இதை வீடியோவாகப் பதிவு செய்யுங்கள். ஒற்றைப் படத்தில் நீர்ச்சுழியைத் தவறவிடுவது சுலபம்.

சாதாரணக் குழந்தையில் என்ன தெரியும்? எஸ்.எம்.வி. திரையின் இடப்பக்கம், எஸ்.எம்.ஏ. அதன் வலப்பக்கம். இறங்க இறங்க இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கூடவே வரும், கிளைகள் பிரியும், தொப்புள் அருகே குடல் வளையங்களுக்குள் காணாமல் போகும்.

முறுக்கிய குடலில் காட்சி வேறு. கணையத்துக்குச் சற்றுக் கீழே வந்ததும் எஸ்.எம்.வி. தன் இடத்தில் நிற்காது. எஸ்.எம்.ஏ.யின் முன்புறமாக நகரும். இன்னும் சில மில்லிமீட்டர் இறங்கினால் அதன் அந்தப் பக்கம் போயிருக்கும். இன்னும் கொஞ்சம் இறங்கினால் பின்புறமாக வளைந்து திரும்பவும் இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கும். கூடவே மெசென்ட்ரியின் கொழுப்பும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியும் அடுக்கடுக்காகச் சுற்றி, நடுவில் தமனி மட்டும் புள்ளியாகத் துடிக்கும். கலர் டாப்ளரைப் போட்டால் சிவப்பும் நீலமும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு இறங்கும். ஒருமுறை இதைக் கண்ணால் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

புரோபைக் கீழ்நோக்கி நகர்த்தும்போது சுழி கடிகாரத் திசையில் சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் அதை நடுக்குடல் முறுக்கு என்று எழுதிவிடாதீர்கள். முதலில் திரையின் இடவலத்தைத் திரும்பச் சரிபாருங்கள். கீழிருந்து மேலே நகர்த்திக்கொண்டிருந்தீர்களா என்றும் பாருங்கள், அப்படி நகர்த்தினால் திசை மாறித்தான் தெரியும்.

டாப்ளரை அமைப்பதில் கொஞ்சம் பொறுமை வேண்டும். நெரிபட்ட சிரையில் ஓட்டம் மிக மெதுவாக இருக்கும். வேக அளவுகோலைக் குறைவாக வைத்து, இரைச்சல் புள்ளிகள் மறையும் அளவுக்கு மட்டும் கெயினைக் குறையுங்கள். அளவுகோல் உயரமாக இருந்தால் ஓடும் சிரைகூட ஓடாததாகத் தெரியும். ஒன்று நினைவில் இருக்கட்டும்: ரத்த ஓட்டமே நின்றுபோன முறுக்கில் டாப்ளரில் வண்ணம் வராது. ஆகவே கறுப்பு-வெள்ளைப் படத்திலேயே சுழியைப் பார்க்கக் கண்ணைப் பழக்க வேண்டும். டாப்ளர் துணைக்குத்தான்.

சுழி தெரிந்துவிட்டதா? ஸ்கேன் அங்கேயே முடிந்தது. வீடியோவைச் சேமித்துவிட்டு அறுவை மருத்துவரை போனில் கூப்பிடுங்கள். ‘மேற்கொண்டு உறுதிசெய்ய’ என்று ஃப்ளோரோஸ்கோப்பிக்கு அனுப்பும் ஒவ்வொரு நிமிடமும் குடலிலிருந்து கழிகிறது.

இரண்டாம் படி: டியோடினத்தின் மூன்றாம் பகுதி

சுழி இல்லை. அதற்காகக் குறைபாடு இல்லை என்று ஆகாது, இந்த நிமிடம் முறுக்கு தெரியவில்லை என்பது மட்டுமே பொருள். முறுக்கக்கூடிய குடலா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். என் பார்வையில் இந்தப் பரிசோதனையின் மையமே இந்த இரண்டாம் படிதான். பலர் கடைசியாக, அவசரமாக முடித்துவிடுவதும் இதைத்தான்.

சுழற்சி சரியாக நடந்திருந்தால் டியோடினத்தின் மூன்றாம் பகுதி, அதாவது டி-3, அயோர்ட்டாவுக்கும் எஸ்.எம்.ஏ.வுக்கும் நடுவே புகுந்து வலமிருந்து இடமாகப் போகும். சுழற்சி நடக்காத குடல் அந்த இடைவெளிக்குள் வருவது மிக மிக அரிது. எனவே டி-3யை அந்த இடத்தில் தெளிவாகப் பார்த்துவிட்டால் குறைபாட்டைக் கிட்டத்தட்ட ஒதுக்கிவிடலாம்.

இரைப்பை முடியும் வாயான பைலோரஸில் ஆரம்பியுங்கள். பித்தப்பைக்குப் பக்கத்தில் டியோடினத்தின் முதல் பகுதி. அங்கிருந்து கணையத் தலையின் ஓரமாக, வலது சிறுநீரகத்தின் முன்னால் கீழே இறங்குவது இரண்டாம் பகுதி. அது முடியும் இடத்தில் புரோபைக் குறுக்காக வைத்து, அயோர்ட்டாவையும் எஸ்.எம்.ஏ.யையும் ஒரே திரையில் கொண்டுவாருங்கள். இரண்டுக்கும் நடுவே தட்டையான, அடுக்கடுக்கான சுவருடைய ஒரு குழாய் கடந்துபோக வேண்டும். சுருங்கியிருந்தால் கருப்புக் கோடாக மட்டும் தெரியும். கொஞ்சம் காத்திருங்கள். அலைபோல ஓர் அசைவு வந்து, உள்ளே திரவமோ காற்றுக்குமிழோ இடப்பக்கமாக நழுவிப்போகும். அந்த ஒரு நழுவலைப் பதிவு செய்துவிட்டால் அதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

இதே இடைவெளியில் இடது சிறுநீரகச் சிரையும் ஓடுகிறது. முதன்முறை பார்ப்பவர்கள் அதையே டி-3 என்று எண்ணிவிடுவார்கள். சிரை கொஞ்சம் மேலே இருக்கும், கீழ்ப்பெருஞ்சிரையான ஐ.வி.சி.க்குள் போய்ச் சேரும், கலர் போட்டால் நிறையும். டி-3 அதற்குக் கீழே, கணையத்தின் அன்சினேட் பகுதிக்கும் கீழே. இரண்டையும் தனித்தனியாகக் காட்டும் படம் ஒன்று உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கட்டும்.

டி-3 தெரியவில்லை என்றால் முதல் எதிரி காற்று. புரோபால் மெல்ல மெல்ல அழுத்தினால் காற்று விலகும். அப்புறம் குழந்தையை வலப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவையுங்கள். இரைப்பையில் இருக்கும் திரவம் பைலோரஸ் வழியாக டியோடினத்துக்கு இறங்கும். அப்படியும் தெரியாவிட்டால், குழந்தை மருத்துவர் சம்மதித்தால், மூக்குக்குழாய் வழியாக 10 முதல் 20 மில்லி திரவம் செலுத்திப் பார்க்கலாம். கறுப்பாகத் தெரியும் அந்தத் திரவத்தை இரைப்பையிலிருந்து கண்ணாலேயே பின்தொடர முடியும். பார்த்து முடிந்ததும் மீதியை உறிஞ்சி எடுத்துவிடுங்கள், வாந்தி வந்து நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது.

குறைபாடுள்ள குழந்தையில் டியோடினம் எஸ்.எம்.ஏ.யின் பின்னால் போகாமல் வலப்பக்கமாகவே கீழே இறங்கும், அல்லது எஸ்.எம்.ஏ.யின் முன்னால் தாண்டும். சிலரில் இரண்டாம் பகுதியோ மூன்றாம் பகுதியோ நன்றாக உப்பி, அலகுபோலக் கூம்பித் திடீரென்று முடியும். அந்தக் கூம்பின் நுனியில் புரோபை நிறுத்திவையுங்கள், பல நேரம் சுழி அங்கேதான் ஒளிந்திருக்கும்.

முடிந்தால் டி-3யோடு நிறுத்தாமல், அயோர்ட்டாவின் இடப்பக்கம் நான்காம் பகுதி மேலே ஏறி ஜெஜுனமாகும் இடம்வரை தொடர்ந்து பாருங்கள். எல்லாக் குழந்தையிலும் இது தெரிந்துவிடாது. தெரிந்தால் நம்பிக்கை கூடும்.

மூன்றாம் படி: ரத்தக்குழாய்களின் இடவலம்

பாடப்புத்தகங்களில் முதலில் வருவது இதுதான்: எஸ்.எம்.வி. வலப்பக்கம் இருந்தால் நார்மல், இடப்பக்கமோ நேர் முன்னாலோ இருந்தால் குறைபாடு. இதை வேண்டுமென்றே மூன்றாவதாக வைக்கிறேன். குறைபாடு உள்ள குழந்தைகளில் கணிசமானோருக்கு ரத்தக்குழாய்கள் சரியான இடத்திலேயே இருக்கும். எந்தக் குறைபாடும் இல்லாத சிலருக்கு இடம் மாறியிருக்கும். கல்லீரல் பெருத்தோ கட்டி ஒன்று தள்ளியோகூட இடம் மாறலாம்.

இடம் மாறியிருந்தால் அது எச்சரிக்கை, மேலே பாருங்கள். இடம் மாறவில்லை என்றால் அதை வைத்து எதையும் ஒதுக்காதீர்கள். ‘எஸ்.எம்.ஏ., எஸ்.எம்.வி. உறவு நார்மல், மால்ரொட்டேஷன் இல்லை’ என்ற ஒற்றை வரி ரிப்போர்ட் இன்றைய அறிவுக்குப் போதாது.

இந்த உறவைப் போர்ட்டல் இணைப்புக்குச் சற்றுக் கீழே, முதல் கிளைகள் பிரிவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். ரொம்பக் கீழே போனால் கிளைகள் இடமும் வலமுமாக ஓடிக் குழப்பும்.

நான்காம் படி: குடலின் நிலை

புரோபை அடிவயிறு முழுக்க ஓட்டுங்கள். குடல் சுவர் தடித்திருக்கிறதா, சுவரில் கலர் வருகிறதா, சுவருக்குள் காற்றுப் புள்ளிகள் உண்டா, அசைவு உண்டா, சுற்றிலும் திரவம் தேங்கியிருக்கிறதா? இவையெல்லாம் குடல் எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று அறுவை மருத்துவருக்குச் சொல்லும். இவை இல்லை என்பதற்காக முறுக்கு இல்லை என்று ஆகிவிடாது.

சீக்கத்தையும் தேடலாம். வலது அடிவயிற்றில் இருந்தால் நல்லது. ஆனால் பச்சிளம் குழந்தைகளில் அது இயல்பாகவே உயரமாக இருக்கக்கூடும், அதற்குப் பெரிய மதிப்பு கொடுக்க வேண்டாம்.

பைலோரஸையும் விட்டுவிடாதீர்கள். பைலோரஸ் சுருக்கத்தில் வாந்தி பாலாகத்தான் வரும், பச்சையாக வராது. இதை மறுபக்கமாகவும் பழக்கிக்கொள்வது நல்லது: பைலோரஸ் பார்க்க வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் புரோபை இரண்டு சென்டிமீட்டர் நகர்த்தி எஸ்.எம்.ஏ.யைப் பிடித்து ஒருமுறை கீழே இறங்கிவிடுங்கள். ஒரு நிமிட வேலை. நார்மலான டி-3 எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக இதைவிட நல்ல வழி இல்லை. நார்மலையே நூறு முறை பார்க்காதவர் நள்ளிரவில் வரும் பச்சை வாந்திக் குழந்தையில் எதை நம்புவார்?

ஏமாற்றக்கூடியவை

ஜெஜுனத்தின் முதல் சிரை பெரும்பாலும் எஸ்.எம்.ஏ.யின் பின்புறமாக வளைந்து வந்து எஸ்.எம்.வி.யில் சேரும். ஒரு படத்தில் பார்த்தால் தமனியை ஏதோ சுற்றுவதுபோல் இருக்கும். வீடியோவில் பார்த்தால் பிரதான சிரை தன் இடத்திலேயே நிற்பதும், சுற்றுவது கிளை மட்டுமே என்பதும் விளங்கும். பிரதான சிரையும் மெசென்ட்ரியும் சேர்ந்து சுற்றினால்தான் அது நீர்ச்சுழி.

வளர்ந்த பிள்ளைகளில் முறுக்கு வந்து வந்து போகலாம். மாதக்கணக்காக வயிற்றுவலி, அவ்வப்போது வாந்தி, எடை ஏறாமை என்று அலைக்கழிந்து வருவார்கள். வலி இல்லாத நேரத்தில் ஸ்கேன் செய்தால் சுழி இருக்காது. இவர்களில் டி-3தான் துப்புக் கொடுக்கும். வலி வரும் நேரத்தில் உடனே வரச் சொல்லி வைப்பதும் உதவும்.

பிறவியிலேயே டியோடினம் அடைபட்ட குழந்தைக்கும் பச்சை வாந்தி வரும், இரைப்பையும் டியோடினமும் இரண்டு குமிழாகத் தெரியும். அங்கேயும் எஸ்.எம்.ஏ.யைப் பார்க்காமல் ஸ்கேனை முடிக்காதீர்கள், அடைப்பும் சுழற்சிக் குறைபாடும் சேர்ந்தே வருவதுண்டு.

ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது?

மூன்று கேள்விக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள்: சுழி, டி-3, ரத்தக்குழாய்கள். ஒவ்வொன்றுக்கும் ‘நார்மல்’, ‘நார்மல் அல்ல’, ‘காற்றினால் பார்க்க முடியவில்லை’ ஆகிய மூன்றில் எது என்று சொல்லுங்கள். மூன்றாவது பதிலை எழுதத் தயங்குபவர்கள் அதிகம். ஸ்கேன் தோற்றுவிட்டது என்று யாராவது நினைப்பார்களோ என்ற கூச்சம். ஆனால் டி-3யைப் பார்க்கவே இல்லாமல் ‘குறைபாட்டுக்கான அடையாளம் இல்லை’ என்று எழுதினால், படிக்கும் மருத்துவர் பார்த்து ஒதுக்கப்பட்டதாகவே எடுத்துக்கொள்வார். குழந்தை வீட்டுக்குப் போய்விடும்.

மூன்றும் தெளிவாக நார்மல், குழந்தையும் நன்றாக இருக்கிறது என்றால் மற்ற காரணங்களைத் தேடலாம். கிருமித்தொற்றும், பெருங்குடலில் நரம்பணுக்கள் இல்லாத ஹிர்ஷ்ப்ரங் நோயும் பச்சை வாந்தி தரும். டி-3 தெரியவில்லை, அல்லது பதில்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்றால் அன்றைக்கே, அந்த ஷிஃப்டிலேயே ஃப்ளோரோஸ்கோப்பி. மறுநாள் காலைக்குத் தள்ள வேண்டாம். எல்லாம் நார்மல் என்று தெரிந்தும் குழந்தை மோசமாகிக்கொண்டே போனால் ஸ்கேனைவிடக் குழந்தையை நம்புங்கள். அறுவை மருத்துவர் வயிற்றைத் திறக்க முடிவெடுத்தால் உங்கள் ரிப்போர்ட் அதற்குத் தடையாக இருக்கக் கூடாது.

சுழி தெரிந்த குழந்தைக்கு எழுத்து ரிப்போர்ட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ‘கடிகாரத் திசையில் முறுக்கு, டியோடினம் அடைபட்டிருக்கிறது, குடல் சுவரில் ரத்தம் இன்னும் ஓடுகிறது’ என்று போனிலேயே மூன்று தகவல் சொல்லுங்கள். தியேட்டரைத் தயார் செய்ய அதுவே போதும். உங்கள் மருத்துவமனையில் குழந்தை அறுவைப் பிரிவு இல்லையென்றால், குழந்தையை ஏற்கும் மருத்துவமனைக்கு வீடியோவை முன்கூட்டியே அனுப்புங்கள். அங்கே போய்த் திரும்பவும் ஸ்கேன் வரிசையில் நிற்கும் நிலை வரக் கூடாது.

அறுவைக்குப் பிறகு வரும் குழந்தை

லாட் அறுவையில் முறுக்கை எதிர்க்கடிகாரத் திசையில் பிரித்து, பட்டைகளை வெட்டி, மெசென்ட்ரியின் வேரை அகலப்படுத்தி, சிறுகுடலை வலப்பக்கமும் பெருங்குடலை இடப்பக்கமும் வைப்பார்கள். குடல்வாலையும் வழக்கமாக எடுத்துவிடுவார்கள், பின்னாளில் இடம் மாறிய இடத்தில் அது வீங்கினால் கண்டுபிடிப்பது கஷ்டம். குடலை நார்மலான அமைப்புக்குத் திருப்பும் அறுவை அல்ல இது.

அதனால் மாதங்கள் கழித்து இந்தக் குழந்தை வாந்தியோடு வந்தால், டி-3 அதன் இடத்தில் இருக்காது, எஸ்.எம்.வி. இடப்பக்கமே இருக்கலாம், சீக்கமும் வலப்பக்கம் கிடைக்காது. இவை எதுவும் முறுக்கு திரும்பியதற்கான அடையாளம் ஆகாது. பழைய அறுவைக் குறிப்பையும் பழைய வீடியோவையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டியோடினம் புதிதாக உப்பியிருக்கிறதா, இறுக்கமான சுழி ஒன்று புதிதாகத் தெரிகிறதா, குடல் சுவரில் ரத்தம் ஓடுகிறதா என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். முறுக்கு திரும்புவது அரிது, ஒட்டுதலால் வரும் அடைப்பே அதிகம். இருந்தாலும் வாந்தி பச்சையாக இருந்தால், அறுவை முடிந்த குழந்தைக்கும் முதலில் எஸ்.எம்.ஏ.யைப் பிடித்துக்கொண்டுதான் கீழே இறங்க வேண்டும்.